வெள்ளித்திரையும் விடலைப் பருவமும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் சங்கத்தின் ஆண்டு விழா மேடையிலே வழக்கமாகக் குறளைப் பற்றியும் கம்பனைப் பற்றியும் பாரதியைப் பற்றியும் அறிஞர் பெருமக்கள் உரை நிகழ்த்துவர். நாமும் முன்வரிசையில் அமர்ந்து கேட்டுப் பயனடைந்திருக்கிறோம். இவ்வாண்டு செயற்குழுவினர் நம்மிடம் ஒப்படைத்த பொருள் வேறு. "நீங்கள் பள்ளிப் பிள்ளைகளாய் இருந்த காலத்துச் சினிமாவைப் பற்றியும், அக்கால நட்சத்திரங்கள்மீது உங்கள் தலைமுறை கொண்ட மையலைப் பற்றியும் மறைக்காமல் கூறுங்கள்" என்று கேட்டுக்கொண்டனர். மறைக்காமல் என்பதுதான் சற்றுச் சங்கடம். எழுபத்தைந்தைக் கடந்த நம்மையொத்தவர் பலர் பேரன் பேத்திகளோடு இச்சபையில் வீற்றிருக்கின்றனர். ஆகவே எவர் பெயரையும் சொல்லாமல், எல்லோரையும் சேர்த்து "நாம்" என்றே பேசுகிறோம். அவரவர் பங்கை அவரவர் எடுத்துக்கொள்ளலாம்.

இஃதொரு விளையாட்டுப் பொருள் என்று எண்ணிவிட வேண்டா. பிறந்த ஊரிலேயே வளரும் பிள்ளைக்குச் சினிமா ஒரு பொழுதுபோக்கு. ஊரை விட்டு ஆயிரம் மைலுக்கு அப்பால் இத்தலைநகரில் வளர்ந்த நமக்கோ, அது அதனினும் பெரிய காரியம் ஒன்றைச் செய்தது. அக்காரியம் யாது என்று கூறுவதே இவ்வுரையின் நோக்கம். அதற்கு முன்னர், மையலைப் பற்றிச் சிறிது பேச அனுமதிக்க வேண்டுகிறோம்.

மையல் என்ற சொல்லை நாம் ஆராய்ந்தே எடுத்துக்கொண்டோம். காதல் என்று கூறினால் மிகையாகும். ரசனை என்று கூறினால் குறையாகும். காணாத ஒருவரிடம், காணவே வாய்ப்பில்லாத ஒருவரிடம், கைம்மாறு எதுவும் கருதாமல் மனம் செல்லும் நிலை ஒன்று உண்டு. பதினான்கு வயதிலே வந்து பதினெட்டு வயதிலே தானே விலகிப் போகும். வைத்தியம் எதுவும் வேண்டுவதில்லை. அம்மை போட்டது போலத் தழும்பு மட்டும் இருக்கும். நல்ல தழும்புதான்.

நம் குடியிருப்பில் அந்த நோய் எவ்வழியே வந்து சேர்ந்தது என்பதை இளைஞர்கள் அறிய விரும்பலாம். வழிகள் நான்கு.

முதல் வழி ஜி.டி. எக்ஸ்பிரஸ். சென்னையிலிருந்து இரண்டு இரவு கடந்து அவ்வண்டி கொண்டுவரும் ஆனந்த விகடன், குமுதம், கல்கி, பேசும் படம் ஆகியவை ஒரு வீட்டில் வாங்கப்பெற்று எட்டு வீடுகளில் வாசிக்கப்பெறும். ஏழாவது வீட்டை அடையும்போது நடுப்பக்கத்தில் ஒரு சதுரமான துவாரம் காணப்படும். அவ்விடத்தில் இருந்த முகம் அதற்குள் யாரோ ஒரு மாணவியின் பூகோளப் புத்தகத்தில் குடியேறியிருக்கும். அந்த முகத்திற்குப் பின்பக்கத்தில் தொடர்கதையின் முக்கியமான பத்து வரிகள் இருந்தன என்பதை எட்டாவது வீட்டு மாமி உரத்த குரலில் தெருவுக்கு அறிவிப்பார்.

இரண்டாவது வழி வானொலி. 1957-ஆம் ஆண்டு தொடங்கிய விவித பாரதி ஹிந்திப் பாடல்களைப் பொழிந்துகொண்டிருந்தது. தமிழ்ப் பாட்டுக் கேட்க வேண்டுமானால் சிற்றலையில் இலங்கை வானொலியைப் பிடிக்க வேண்டும். அலை ஏறியும் இறங்கியும் வரும். பல்லவி வந்து, சரணம் காற்றில் கரைந்துவிடும். எஞ்சியதை நாமே இட்டு நிரப்பிக்கொள்வோம்.

மூன்றாவது வழி கோடை விடுமுறை. ஊருக்குச் செல்லும் ஆண்டில், தாத்தா பாட்டியை வணங்கி எழுந்தவுடன் நாம் கேட்ட முதற் கேள்வி, "டூரிங் கொட்டகையில் என்ன படம்?" என்பதே.

நான்காவது வழிதான் தலையாயது. ஹிந்திப் படக்கொட்டகை ஒன்றை வாடகைக்கு அமர்த்தி, ஞாயிறு காலையில் தமிழ்ப் படம் காட்டுவர். சென்னையில் நூறு நாள் ஓடிய படம் நம்மிடம் வந்து சேரும்போது படச்சுருள் தேய்ந்து திரையில் மழை பெய்துகொண்டிருக்கும். அதைப் பற்றி எவருக்கும் கவலையில்லை. மார்கழிக் குளிரில் கம்பளிச் சட்டைக்கு மேல் பட்டுப்புடவை சுற்றிய தாய்மார்களும், மப்ளர் கட்டிய தந்தையரும், இட்டிலிப் பாத்திரம் ஏந்திய பாட்டிமார்களும் திரண்டு வருவர். அந்த மூன்று மணி நேரம் அக்கொட்டகைக்குள் மொழி முழுவதும் தமிழாகவே இருக்கும். வாசலைக் கடந்து வெயிலுக்கு வந்ததும் டோங்காக்காரரோடு ஹிந்தியில் பேரம் பேச வேண்டும்.

இவ்வாறு வந்த மையலில் ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் ஒரு வேறுபாடு இருந்தது. சரோஜா தேவியின் படத்தையோ காஞ்சனாவின் படத்தையோ பையன் ஒருவன் சுவரில் ஒட்டினால், "படிக்கிற பையன் கெடுகிறான்" என்று தந்தை ஒரு வார்த்தை கூறுவார், அத்துடன் தீர்ந்தது. ஜெமினி கணேசனின் படமோ ரவிச்சந்திரனின் படமோ ஒரு பெண்ணின் புத்தகத்திலிருந்து கீழே விழுந்தால் அது குடும்ப விசாரணையாகிவிடும். பெரியம்மாவுக்குக் கடிதம் போகும். ஜாதகம் எடுக்கப்படும். அப்பெண்ணோ அந்தப் படத்தை வைத்துக்கொண்டு யாதொரு திட்டமும் தீட்டியவளல்லள். தனக்கென்று பிடித்தது ஒன்று உலகில் இருக்கிறது, அதை எவரும் தேர்ந்து கொடுக்கவில்லை, தானே கண்டுகொண்டாள், அவ்வளவே. அந்த உரிமையின் அருமையை இன்று இங்கே அமர்ந்திருக்கும் பாட்டிமார்கள் அறிவர். அவர்கள் முகத்தில் தோன்றும் புன்னகையே அதற்குச் சான்று.

நிற்க. நம் தலைமுறையின் மையல் அனைத்தும் ஒரே இடத்தில் கூடிய படம் ஒன்று உண்டு. 1964-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் வெளிவந்த "காதலிக்க நேரமில்லை" என்பதே அது. அதை இயக்கிய ஸ்ரீதர் அதற்கு முன்னர் மக்களை அழவைப்பதில் பெயர் பெற்றவர். 1959-இல் "கல்யாண பரிசு", 1962-இல் "நெஞ்சில் ஓர் ஆலயம்" ஆகியவற்றைக் கண்டு கைக்குட்டை நனையாமல் திரும்பியவர் அரியர். அத்தகையவர், சித்ராலயா கோபுவோடு சேர்ந்து, முழுக்க முழுக்கச் சிரிப்பதற்கென்றே ஒரு கதை எழுதினார். வின்சென்ட்டின் ஒளிப்பதிவு, விஸ்வநாதன் ராமமூர்த்தியின் இசை, ஈஸ்ட்மன் கலரில் ஆளியாறு அணைப் பகுதியின் பசுமை. தில்லியின் புழுதிக் காற்றில் வளர்ந்த நமக்கு, தமிழ்நாட்டில் இத்தனை பச்சை இருக்கிறதா என்ற வியப்பே முதலில் தோன்றிற்று.

கதை மிகவும் எளியது. செல்வச் செருக்குடைய ஒரு தகப்பனார். அவருக்கு இரண்டு பெண்கள், ஒரு பையன். வேலையிழந்த வாலிபன் ஒருவன் அவர் வீட்டெதிரிலேயே கூடாரம் அடித்து வேலை கேட்டுப் போராடுகிறான். பிறகு பெரிய கோடீசுவரரின் மகனாக நடிக்கிறான். அவனுடைய நண்பன் நரைத்த தாடி ஒட்டிக்கொண்டு அந்தக் கோடீசுவரராகவே வந்து நிற்கிறான். பொய் ஒன்று மற்றொரு பொய்யைப் பெற, இறுதியில் எல்லாம் வெளிப்பட்டுத் திருமணத்தில் முடிகிறது.

அந்த வாலிபனாக வந்தவர் ரவிச்சந்திரன். அதுவே அவருக்கு முதற் படம். மலேயாவில் வளர்ந்து, படிப்பதற்காகத் திருச்சிக்கு வந்தவர். ஊரை விட்டு வேறிடத்தில் வளர்ந்த பிள்ளை தமிழ்த் திரையில் கதாநாயகனாக நிற்கிறான் என்ற செய்தி நம்மைப் போன்றோருக்கு எத்தகைய ஊக்கத்தை அளித்தது என்று சொல்லவும் வேண்டுமோ? பெண்களில் ஒருவராக நடித்த காஞ்சனா, சினிமாவுக்கு வருமுன் விமானப் பணிப்பெண்ணாய் இருந்தவர். தட்டச்சும் சுருக்கெழுத்தும் பயின்று அலுவலகம் செல்ல வேண்டும் என்று கனவு கண்ட நம் குடியிருப்புப் பெண்கள் அவரைத் தம் அக்காளாகவே வரித்துக்கொண்டனர்.

ஆயினும் அப்படத்தின் உயிர் இருவரிடம் இருந்தது. தகப்பனாராக வந்த டி.எஸ். பாலையா, சினிமா எடுக்கத் துடிக்கும் மகனாக வந்த நாகேஷ். மகன் தகப்பனாரிடம் பேய்க் கதை ஒன்றைச் சொல்லிப் பயமுறுத்தும் காட்சியை அறியாத தமிழர் இரார். அதில் பேயும் இல்லை, இருட்டும் இல்லை, பின்னணி ஏதும் இல்லை. நாகேஷ் தம் வாயாலும் கைகளாலும் எல்லாவற்றையும் உண்டாக்குகிறார். பாலையா நாற்காலியில் அமர்ந்தபடியே கேட்கிறார். அவ்வளவுதான். முற்காலத்தில் கொடிய வில்லனாக நடித்து நம் பெற்றோரை அச்சுறுத்திய பாலையா, இங்கே தம் மகன் வாய்ச்சொல்லுக்கு வியர்த்து நடுங்குகிறார். சொல்பவர் பாதி நகைச்சுவை, கேட்பவர் பாதி நகைச்சுவை என்பதற்கு அதனினும் சிறந்த இலக்கணம் வேறில்லை.

அதைக் கண்டு நாம் ஏன் அவ்வளவு சிரித்தோம்? நம் தந்தையர் அரசாங்க அலுவலர்கள். காலையில் சைக்கிளில் ஏறிச் செயலகம் சென்று, மாலையில் கோப்புக் கட்டோடு திரும்புவோர். வீட்டில் அவர்கள் குரலுக்கு எதிர்க்குரல் இல்லை. அத்தகைய தந்தையர் நம் பக்கத்து இருக்கையில் அமர்ந்து, திரையில் ஒரு தகப்பனார் அல்லற்படுவதைக் கண்டு வயிறு குலுங்கச் சிரித்தனர். பிள்ளைகளாகிய நாமும் சிரித்தோம். தாம் சிரிக்கப்படுகிறோம் என்று அவர்களுக்குத் தெரியும், தெரிந்தும் சிரித்தனர். அந்த அரைக்கணத்தில் தந்தைக்கும் பிள்ளைக்கும் இடையே இருந்த வேலி சற்றே தாழ்ந்தது. படம் முடிந்து வீடு வந்ததும் வேலி பழையபடி உயர்ந்துவிட்டது என்பது வேறு. ஒருமுறை தாழ்ந்த வேலியை நாம் மறப்பதில்லை.

நம் வடபுலத்து வாழ்வையும் அக்காலச் சினிமா தொட்டுச் சென்றது. 1961-இல் ஸ்ரீதர் எடுத்த "தேன் நிலவு" காஷ்மீரத்தின் ஏரியிலே ஜெமினி கணேசனையும் வைஜயந்திமாலாவையும் உலவவிட்டது. 1966-ஆம் ஆண்டுப் பொங்கலன்று வெளிவந்த ஏ.வி.எம்.மின் "அன்பே வா" சிம்லாவைக் களமாகக் கொண்டது. ராக் ஹட்சன் நடித்து 1961-இல் வெளிவந்த "கம் செப்டம்பர்" என்னும் ஆங்கிலப் படத்தின் சாயலில் எழுந்த கதை அது. நாம் கோடையில் கூட்டு ரயிலேறிச் சென்று, சத்துமாவும் ஊறுகாயும் உண்டு, தெருவெல்லாம் நடந்து திரும்பிய அதே சிம்லாவில் எம்.ஜி.ஆரும் சரோஜா தேவியும் தமிழ் பேசித் திரிந்தனர். நாம் வாழும் வடக்கும் தமிழ்க் கதை நிகழக்கூடிய இடமே என்பதை அன்றுதான் கண்டோம்.

இனி நாம் சொல்ல வந்த பொருளுக்கு வருகிறோம்.

"காதலிக்க நேரமில்லை" 1965-இல் தெலுங்கில் "பிரேமிஞ்சி சூடு" என்று வந்தது. 1966-இல் ஸ்ரீதரே அதை ஹிந்தியில் "பியார் கியே ஜா" என்று எடுத்தார். சசி கபூர், கிஷோர் குமார், ஓம் பிரகாஷ் முதலியோர் நடித்தனர். தமிழிலும் தெலுங்கிலும் நடித்த ராஜஸ்ரீ ஹிந்தியிலும் நடித்தார். நாகேஷின் வேடம் மெஹ்மூத்துக்குக் கிடைத்தது. ஃபிலிம்ஃபேர் விழாவில் நகைச்சுவை நடிப்புக்கென்று முதன்முதலாக 1967-இல் ஏற்படுத்தப்பட்ட பரிசை அவ்வேடமே அவருக்குப் பெற்றுத் தந்தது.

நம் பள்ளித் தோழர்களான பஞ்சாபிப் பிள்ளைகள் அப்படத்தைக் கண்டு வந்து, பேய்க் கதைக் காட்சியை இடைவேளையில் நடித்துக் காட்டினர். நாம் முன்னரே அதைத் தமிழில் கண்டவர்கள். அடுத்து என்ன வரும் என்று அவர்களுக்கு முன் நாம் கூறினோம். "இது எங்கள் ஊர்க் கதை" என்று கூறியபோது முதலில் அவர்கள் நம்பவில்லை. நாகேஷ் செய்தது போல் நாம் செய்து காட்டிய பிறகு நம்பினர். மொழி புரியாமலே சிரித்தனர். அன்று முதல் சில நாள்கள் வகுப்பில் நமக்கு ஒரு கௌரவம் இருந்தது.

அந்தக் கௌரவம் இரண்டாண்டு நீடித்தது. 1968-இல் "படோசன்" வந்தது.

அப்படத்தை அறியாதார் இல்லை. அடுத்த வீட்டுப் பெண்ணை விரும்பும் பாட்டறியா அப்பாவி ஒருவன். அவனுக்காகச் சன்னலுக்குப் பின்னிருந்து பாடும் நண்பன். அப்பெண்ணுக்குப் பாட்டுச் சொல்லித்தர வரும் தென்னாட்டு வாத்தியார். அந்த வாத்தியாராக வந்தவர் அதே மெஹ்மூத். குடுமியும், வேட்டியும், கொச்சை ஹிந்தியும், ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் இழுப்பும். பாட்டுப் போட்டியிலே சங்கீதம் கற்ற அந்த வாத்தியார் திணறித் தோற்க, கொட்டகை அதிர்ந்தது. மறுநாள் பள்ளியிலும் அதிர்ந்தது. நாம் வாய் திறந்தால் அந்த இழுப்பு. நாம் நடந்தால் அந்த நடை. நெற்றியில் விபூதியோடு வந்த பையன் குழாயடியில் அதைக் கழுவிவிட்டு வகுப்புக்குள் நுழைந்தான். "மதராஸி" என்ற சொல் விந்தியத்துக்குத் தெற்கே உள்ள அனைவரையும் ஒரே குடுமியில் கட்டிப்போட்டது.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனிக்க வேண்டுகிறோம். அக்கதையும் நம் வீட்டு வழியே சென்றதுதான். 1952-இல் வங்காளத்தில் "பாஷேர் பாரி" என்று பிறந்து, 1953-இல் தெலுங்கில் "பக்கிண்டி அம்மாயி" ஆகி, 1960-இல் டி.ஆர். ராமச்சந்திரனும் அஞ்சலி தேவியும் தங்கவேலுவும் நடித்த "அடுத்த வீட்டுப் பெண்"ணாகத் தமிழில் நம்மைச் சிரிக்கவைத்து, அதன் பிறகே ஹிந்திக்குச் சென்றது. கிழக்கே தோன்றித் தெற்கே வளர்ந்து வடக்கே சென்ற சிரிப்பு அது. போகிற வழியில், நம்மோடு சிரித்த கதை நம்மைப் பார்த்துச் சிரிக்கிற கதையாயிற்று.

மெஹ்மூத்தின் மேல் நமக்குப் பகை ஏதுமில்லை. சிரிப்பு மூட்டுவோர் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொள்வர். நம் தமிழ்ப் படங்களிலும் கொச்சைத் தமிழ் பேசும் சேட்டு வருவதும், கொட்டகை சிரிப்பதும் வழக்கந்தானே! அயலானின் நாக்குப் புரளாமையில் நகை காண்பது எல்லா நாட்டிலும் உள்ளது. அஃது நீதியா அநீதியா என்ற வழக்கை இங்கே நாம் தொடுக்கவில்லை. அந்தச் சிரிப்பின் நடுவே பதினைந்து வயதுப் பிள்ளை ஒருவன் எதைப் பற்றிக்கொண்டு நிமிர்ந்து நிற்பான் என்பதே நம் கேள்வி.

தமிழ் இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடையது என்று அவனுக்குக் கூறலாம். கூறினர். அது உண்மையும்கூட. ஆனால் குழாயடியில் நெற்றியைக் கழுவிக்கொண்டிருக்கும் பிள்ளைக்குப் பழமை உடனே கைகொடுப்பதில்லை. தமிழென்றால் குடுமியும் பழமையும்தான் என்று ஊர் நகைக்கும்போது, இன்னும் பழமையைக் காட்டினால் அவன் என் செய்வான்? நமக்குக் கைகொடுத்தது வேறொன்று. தமிழ் பேசுகிற, இளமையான, அழகான, குறும்பான முகங்கள் நம்மிடம் இருந்தன. கூடாரத்தின்முன் துள்ளி ஆடும் ரவிச்சந்திரன் நம்மிடம் இருந்தார். தந்தையிடம் வாதாடும் காஞ்சனாவும் ராஜஸ்ரீயும் இருந்தனர். ஊர் முழுவதும் சேர்ந்து நம்மைப் பார்த்துச் சிரித்தாலும் ஈடுகொடுக்க வல்ல நாகேஷ் இருந்தார். தமிழனைப் பிறர் வரைந்த சித்திரம் ஒன்றுதான். நம் பூகோளப் புத்தகத்துக்குள் பல சித்திரங்கள் இருந்தன.

ஆகவே நாம் கூற விழைவது இதுவே. தன் மொழியில் சிரிக்கக் கற்றவனைப் பிறர் சிரிப்பு சுடலாம், எரிக்காது. பிறர் மொழியில் மட்டுமே சிரிக்கத் தெரிந்தவன், அம்மொழி தன்னை நகையாடும் அன்று, போக்கிடம் இல்லாமல் நிற்பான். நம் தலைமுறைக்குப் போக்கிடம் இருந்தது. ஞாயிறு காலையில் மழை பெய்யும் திரையில், மூன்று மணி நேரம், நகைக்கப்படும் பொருளாக அன்றி நகைக்கும் மாந்தராக நாம் இருந்தோம். அந்தப் போக்கிடத்துக்கு நம்மை இழுத்துச் சென்றது ஒழுக்க போதனை அன்று, தமிழ்ப்பற்றுக்கூட அன்று. ஒரு முகத்தின்மேல் கொண்ட மையல்.

மொழியைக் கற்றதும் அவ்வாறே. நாகேஷ் பேசும் வேகத்தைப் பிடிப்பதற்கு வீட்டுத் தமிழ் போதாது. "என்ன சொன்னார்? என்ன சொன்னார்?" என்று அம்மாவை இடித்து இடித்துக் கேட்டே நம் காது கூர்மையடைந்தது. ரவிச்சந்திரனின் பேட்டியை வாசிப்பதற்காக எழுத்துக் கூட்டிப் படித்த பெண்கள் பின்னர் அதே பத்திரிகையில் தொடர்கதை படித்தனர்; அதன் பின்னர் இச்சங்க நூல்நிலையத்தின் அலமாரிகளைக் காலி செய்தனர். பூகோளப் புத்தகத்தில் ஒளிந்திருந்த ஒரு படம் தமிழ் வாசகி ஒருத்தியை உருவாக்கியது.

காலம் மாறிற்று. 1981-இல் பாலசந்தர் இயக்கிய "எக் தூஜே கே லியே" என்ற ஹிந்திப் படத்தில் தமிழ்ப் பையனாகவே கமல்ஹாசன் வந்து தமிழ் பேசினார். முடிவு துயரமானதே. ஆயினும் வடநாட்டுக் கன்னியர் ஒரு தமிழ் வாலிபனுக்காகக் கண்ணீர் விட்டதைக் கண்டோம். "படோசன்" வெளிவந்து பதின்மூன்று ஆண்டே ஆகியிருந்தது. நம் தம்பி தங்கையர் அன்று தெருவில் நடந்த நடையே வேறு. பின்னர் தூர்தர்ஷன் ஞாயிறு பிற்பகலில் மாநில மொழிப் படங்களை நாடெங்கும் ஒளிபரப்பிற்று. தமிழின் முறை எப்போது வரும் என்று வாரக்கணக்கில் காத்திருந்து, ஒரு தொலைக்காட்சிப் பெட்டியின்முன் நாற்பது பேர் அமர்ந்தோம்.

இன்றோ காத்திருப்பு இல்லை. எந்தப் படமும் எந்நேரமும் உள்ளங்கையில் கிடைக்கிறது. ஸ்ரீதர் 2008-இலும், நாகேஷ் 2009-இலும், ரவிச்சந்திரன் 2011-இலும் மறைந்தனர். அவர்கள் படங்கள் மறையவில்லை. மறைந்துவருவது அவற்றைப் புரிந்துகொள்ளும் காதுதான்.

நம் பேத்திகளின் அறைச் சுவரில் இன்று கொரியநாட்டுப் பாடகர்களின் படங்கள் இருக்கின்றன. இளைஞர்களே, அஞ்ச வேண்டா! அதைப் பற்றிக் குறைகூற நாம் இங்கு எழுந்து நிற்கவில்லை. அந்த மையலும் மையலே. அந்த முகங்களுக்காக அப்பெண்கள் கொரிய எழுத்துக்களைத் தாமே கற்கின்றனர் என்று கேள்விப்படும்போது நமக்கு வியப்பு ஏற்படவில்லை. ஒரு முகத்துக்காக ஒரு லிபியைக் கற்பது நம் குடும்பத்துப் பரம்பரை வழக்கந்தான். பெற்றோர்களுக்கே ஒரு சொல். சுவரில் உள்ள படத்தைக் கிழிக்க வேண்டா. பெரியம்மாவுக்குக் கடிதமும் எழுத வேண்டா. அச்சுவரில் தமிழ் பேசும் முகம் ஒன்றுக்கும் இடம் கிடைக்கும்படி என்ன செய்தோம் என்று எண்ணிப் பாருங்கள். ஞாயிறுதோறும் தமிழ் வகுப்புக்கு அனுப்புகிறோம், நன்று. ஆனால் தமிழ் என்றால் வகுப்பு, வீட்டுப்பாடம், ஆண்டு விழாவில் ஒப்பிக்கும் செய்யுள் என்று மட்டுமே ஆகிவிட்டால், சிரிப்பதற்கும் மயங்குவதற்கும் அப்பிள்ளை வேறு மொழிக்குத்தான் செல்லும். அதைத் தவறென்று கூற முடியாது.

ஆகவே சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். ஆண்டுக்கு நான்கு ஞாயிறு காலை இம்மண்டபத்திலேயே படம் காட்டுங்கள். ஒரு படத்தை முதியோர் தேர்ந்தெடுக்கட்டும். அடுத்ததை இளைஞர் தேர்ந்தெடுக்கட்டும். அவர்கள் தேர்ந்தெடுக்கும் புதுப்படத்தில் நமக்குப் பாதி விளங்காமல் போகலாம். போகட்டும்! அன்று நாம் அம்மாவை இடித்துக் கேட்டது போல, இன்று பேரனை இடித்துக் கேட்போம். இட்டிலிப் பாத்திரத்தை மட்டும் மறவாதீர்கள்.

இறுதியாக ஒன்று கூறி அமர்கிறோம். இப்போதெல்லாம் பழைய படங்களைப் பிள்ளைகளோடு காணும்போது, திரையின் அடியில் ஆங்கிலத்தில் வசனம் ஓடுகிறது. அதனால் ஒரு விந்தை நிகழ்கிறது. நாகேஷ் சொல்லி முடிக்குமுன்னரே பேரன் சிரித்துவிடுகிறான். அவன் கண் எழுத்தை முந்திப் படித்துவிடுகிறது. பாட்டியோ சொல் வந்த பிறகு சிரிக்கிறாள். ஒரே அறையில், ஒரே காட்சிக்கு, ஒரு நொடி இடைவெளியில் இரண்டு சிரிப்புக்கள் எழுகின்றன. நம் குடியிருப்பில் தமிழுக்கு நேர்ந்திருப்பது அந்த ஒரு நொடி இடைவெளிதான். சிறியதுதான், ஆனால் ஒரு தலைமுறை அதற்குள் நழுவிப் போகலாம்.

பாட்டியும் பேரனும் ஒரே நொடியில் சிரிக்கும் நாளுக்காக இச்சங்கம் உழைக்கட்டும். அந்நாள் வந்தால், எவர் எத்தனை "படோசன்" எடுத்தாலும் நமக்குக் கவலையில்லை.